உலை பற்றவைக்கும் முன்

இலுப்பூரில், வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, கேஸ் உலையில் பித்தளை உருக்குகிறவர் அவர். கருகிப்போய் மறுபடி முளைக்காத புருவம். உடைந்த மணியோடு போன என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி: "சளி பிடிச்சிருக்கா?"

இல்லை என்றேன்.

"அப்ப தரைகிட்டக் குனிஞ்சு மோந்து பாருங்க. கேஸ் கசிஞ்சா கீழதான் தேங்கும். கொரோனாவுல எனக்கு வாசம் போனது, திரும்பவே இல்ல."

வருகிற எல்லோரிடமும் இதைத்தான் கேட்பாராம்.

"வீட்டுல யாரும் இல்லீங்களா?"

"இருந்தவரைக்கும் வீட்டுக்காரிதான் மோந்து சொல்லுவா. கடைசி நாளும் வாசம் இல்லைன்னுதான் சொன்னா. அன்னைக்கு அவளுக்குச் சளிங்க."

மண்டியிட்டு மோந்தேன். எழுந்து, மறுபடியும் குனிந்தேன். "இல்லீங்க" என்றேன்.

உடனே பற்றவைத்துவிட்டார். முன்பின் தெரியாத என் மூக்கை நம்பி.