அஞ்சலை அக்காவின் வலது கை

அஞ்சலை அக்கா போய்விட்டார். சற்றுமுன் ஃபிஜியின் சிகடோகாவிலிருந்து அவர் மகள் போன் செய்து சொன்னாள்...

இங்கே ஆக்லாந்தில் அவரைத் தெரிந்தவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

கணவர் வேலைக்காகச் சென்னையிலிருந்து ஃபிஜி போன புதிது. கடற்கரை ஹோட்டல் ஒன்றில் எனக்கு லாண்டரி சூப்பர்வைசர் வேலை. அக்கா அங்கே இஸ்திரி மெஷினில். நான் சேர்வதற்கு முன்பே அந்த மெஷின் அவர் வலது கையில் இரண்டு விரல்களைக் கொண்டுபோயிருந்தது.

எல்லாரோடும் ஃபிஜி இந்தி பேசுவார். என்னோடு மட்டும் தமிழ். அதுவும் கரும்புத் தோட்டத்துக்கு வந்த தாத்தா பாட்டி பேசிய பழைய மெட்ராஸ் தமிழ்.

ஒருநாள் நீச்சல்குளத்துப் பக்கம் துண்டு எடுக்கப் போனவர் மூச்சிரைக்க வந்தார். ஒரு ஆஸ்திரேலியாக்காரர் குழந்தைகளுக்குக் காசை மறைத்து வித்தை காட்டினாராம். எல்லாரும் அவர் மூடின கையைப் பார்க்க, அக்கா மட்டும் மற்ற கையைப் பார்த்திருக்கிறார்.

"காசு இந்தக் கைக்கு வரவே இல்ல தங்கச்சி. வந்த மாதிரி காட்றான், அவ்ளோதான்."

பிடித்தது பைத்தியம்! ஐம்பது சென்ட் காசை உள்ளங்கையில் இடுக்கிக்கொண்டேதான் துண்டு மடிப்பார், டீ குடிப்பார். இதுக்கு விரல் எதுக்கு, சதை போதும் என்பார்.

விழும். விழுந்துகொண்டே இருக்கும். ட்ரையருக்குள் விழுந்து லொட லொட என்று சுற்றும்போது லாண்டரியே சிரிக்கும். நான் கத்துவேன். காதிலேயே வாங்க மாட்டார்.

அப்புறம் இரண்டாயிரமாவது வருஷம் ஃபிஜியில் ஆட்சிக் கவிழ்ப்பு. டூரிஸ்ட் வரத்து அடியோடு நின்றது. படுக்கை விரிப்பே அழுக்காகாத ஹோட்டலுக்கு லாண்டரி எதற்கு... ஆட்களைக் குறைக்க ஆரம்பித்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் படுத்த படுக்கை. இவர் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

என்னையும் கூட்டிக்கொண்டு நேராக மேனேஜரிடம் போனார். மிச்சமிருக்கும் கெஸ்ட்களுக்குச் சாயங்காலம் காசு வித்தை காட்டுகிறேன், என்னை அனுப்பிவிடாதீர்கள் என்றார். மேனேஜர் நல்ல மனுஷன்தான். ஆனாலும் இழுத்தார். சாப்பிடுகிற இடத்தில் அந்தக் கை... கெஸ்ட்களுக்குச் சங்கடமாக இருக்குமே என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அக்கா அதற்குள் காசை எடுத்துவிட்டார். காசை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார். மூடினார், ஊதினார், திறந்தார். காசு இல்லை!

மேனேஜர் அந்த இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். வலது கை அவர் மூக்குக்கு நேரே இருந்தது. அதை மட்டும் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் எப்படி அக்கா இவ்வளவு தைரியம் என்று கேட்டேன்.

"இந்தக் கைய யாரும் உத்துப் பாக்க மாட்டாங்க. பாவம்னு கண்ணத் திருப்பிக்குவாங்க. திருப்பிக்கட்டும் தங்கச்சி, நமக்கு அதான் வோணும்."

வேலை நிலைத்தது. நாங்கள் ஒவ்வொருவராக ஆக்லாந்து, சிட்னி என்று கிளம்பினோம். அக்கா அங்கேயே இருந்தார். டூரிஸ்டுகள் திரும்பி வந்தபோது ஹோட்டல் வாசல் போர்டில் அவர் பெயர் இருந்தது. அந்த வித்தையில்தான் மகளை நர்ஸுக்குப் படிக்க வைத்தார்.

சில வருஷம் கழித்து லீவுக்குப் போனோம், கெஸ்ட்டாக. என் சின்ன மகளுக்கு அப்போது ஐந்து வயது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். காசு மறைந்தது, எல்லாரும் கை தட்டினார்கள். இவள் மட்டும் எழுந்து நின்றாள்.

"அந்தக் கையையும் காட்டுங்க, ஆன்ட்டி."

  அவளைப் பிடித்து இழுத்தேன்.

அக்கா சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பை நான் அவரிடம் கண்டதே இல்லை. வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி, அத்தனை பேருக்கும் தெரிகிற மாதிரி விரித்துக் காட்டினார். நடு உள்ளங்கையில் காசு. அந்த மூன்று விரலோடு கையை வெகுநேரம் இறக்கவே இல்லை.

நிம்மதியாகத் தூங்குங்கள் அக்கா... உங்களை எனக்குத் தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வேன்.