ஏட்டையாவின் முதுகு

அந்தத் தொலைக்காட்சி நிலையத்தின் பழைய டேப்புகளுக்கெல்லாம் காவல் டேப் அக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக அதே அறை, அதே இரும்பு அலமாரிகள். தன்னிடம் பேசியதைவிட டேப்புகளோடு அவள் பேசியதுதான் அதிகம் என்று புருஷனே சொல்லிச் சிரிப்பான்.

அவளுக்கு ஒரு பைத்தியம் உண்டு. நாற்பது வருடத்துக்கு முந்தைய துப்பறியும் தொடர் ஒன்று. அதில் போலீஸ் ஏட்டாக வந்தவருக்கு மொத்த வசனமே "சரிங்க சார்" தான். போகப் போக அவரே சில எபிசோடுகளை இயக்கினார். பெயரைப் பார்க்காமலேயே அவர் எடுத்தது எது என்று அவள் சொல்லிவிடுவாள். மற்றவர்கள் எடுத்ததில், தபால் கொடுக்க வந்தவன் வாயை மூடியதுமே காட்சியை வெட்டிவிடுவார்கள். இவர் மட்டும் அவன் குடையை எடுத்து, செருப்பை மாட்டி, படியிறங்கும்வரை கேமராவை நகர்த்தமாட்டார். இரண்டு வரி பேச வந்தவனும் மனுஷன்தானே என்று கேட்பதுபோல் இருக்கும். அதற்காகவே அவரை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

இப்போது அந்தத் தொடரை மறுபடி ஒளிபரப்பப் போகிறார்கள். ஏழாவது எபிசோடில்தான் சிக்கல். டேப்பின் ஆரம்பம் பாழாகி, இயக்கியவர் பெயர் போய்விட்டது. தொடரின் பெரிய இயக்குநர் பெயரைப் போட்டுக் கதையை முடிக்கப் பார்த்தார் மேலாளர். டேப் அக்கா குறுக்கே நின்றாள்.

"இது ஏட்டையா எடுத்தது சார்."

"ஏட்டையா இதுல நடிச்சிருக்காரும்மா. தான் எடுக்குறதுல நடிக்கவே மாட்டேன்னு அவரே பேட்டி குடுத்திருக்காரு. நாளைக்குள்ள ஆதாரம் கொண்டா, பாக்கலாம்."

அந்தப் பேட்டியை அவளும் படித்திருக்கிறாள். ஆனாலும் விட மனசில்லை. அவர் உழைப்புக்கு இன்னொருத்தர் பெயரா? எங்கெங்கோ விசாரித்து, விலாசம் பிடித்து, அவரையே வரவழைத்துவிட்டாள்.

மறுநாள் காலை மனைவியோடு வந்தார். வயது எண்பதைத் தொட்டிருந்தது. எபிசோடு முழுவதையும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நான் வர்றேனேம்மா. அப்ப இது நான் எடுத்தது இல்ல."

மேலாளர் எழுந்தேவிட்டார். டேப் அக்கா டேப்பை நிறுத்தப் போனாள்.

"கொஞ்சம் பின்னாடி ஓட்டும்மா," என்றார் மனைவி.

திரையில் ஏட்டு அறைக்குள் வந்தார், ஃபைலை மேசையில் வைத்தார், போனார். முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"ஏங்க, இத்தன வருஷமா முதுகு தேச்சுவிடுறவ நான். எனக்குத் தெரியாதா? இது எங்க அண்ணன்."

ஏட்டையா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அட, மச்சான்தான். நான் கேமராகிட்ட நிக்கணுமேன்னு என் சட்டைய அவனுக்கு மாட்டிவிட்டேன். தொப்பைக்கு மேல பட்டனே சேரல. அதான் முன்பக்கம் காட்டல."

மேலாளருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "போடும்மா, அவர் பேரையே போடு," என்றார். டேப் அக்கா தன் கையாலேயே அந்தப் பெயரைத் தட்டச்சு செய்தாள். சந்தோஷத்தில் இரண்டு தடவை தப்பாக அடித்துத் திருத்தினாள்.

கிளம்பும்போது மனைவி மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை.

"அண்ணன் போய் ஆறு வருஷமாச்சு. இன்னொரு தடவ போடுறியாம்மா?"

"போடுறேம்மா. ஆனா கடைசிவரைக்கும் திரும்பவே மாட்டாரே."

"பரவால்ல. நடக்குறத பாக்குறேன்."