கிழக்குச் சுவரோரக் கெண்டைகள்

சித்தப்பாவை நினைத்தால் முதலில் தெரிவது அவர் முதுகுதான். ஆரணியில் அவருடைய தறிக்கொட்டகைக்குப் பின்னால், கிணற்றின் கிழக்குச் சுவரில் சாய்ந்து குனிந்து நிற்பார். பட்டு விசைத்தறியை ஓடவிட்டு, முதல் முழம் பிசிறில்லாமல் விழுந்த பிறகே அங்கு வருவார். இழை அறுந்த நாளில் உச்சி வெயிலாகிவிடும். "மொதல் மொழம் சுத்தமா வரட்டும். அப்புறம்தான் எனக்கும் சோறு, மீனுக்கும் சோறு" என்பார். தறியின் அதிர்வு மண் வழியே நீருக்குள் இறங்கும். கெண்டைகள் மேலே வந்து அவருக்காகக் காத்திருக்கும்.

அவர் இறந்த பிறகும் அவை வந்தன. கிழக்குச் சுவரோரம் வாய் திறந்து வரிசையாக நின்றன. மீன்களின் நடத்தையை ஆராய்வது என் வேலை என்பதால் சித்தி என்னை அழைத்தார். கிணற்றை மூடி அங்கே இன்னும் சில தறிகள் போட, அவர் மகன் களம்பூரில் மண் லாரி பேசி வைத்திருந்தான்.

"ஜல்தியா சொல்லுக்கா. லாரிக்காரன் பேஜார் பண்றான்" என்றான். "மீனுக்குப் படிச்சவ ஊர்லயே நீ ஒருத்திதான்."

சித்தி குரலை உயர்த்தவில்லை. "தறி சத்தத்துக்குத்தான் வருதுன்னா மூடிக்கலாம். அவர் நின்னுகினு இருக்காருன்னா, அவர் மேல நான் எப்டிம்மா மண்ணு கொட்ட உடுவேன்?"

சோதனை எளிது. அமாவாசையன்று தெருவில் எந்தத் தறியும் ஓடாது. அன்று கிணற்றின் மேல் கேமராவைப் பொருத்தி, நீருக்குள் மைக்கை இறக்கி, மூவரும் வீட்டுக்குள் அமர்ந்து திரையைப் பார்த்தோம். நீர் வெறுமையாகவே கிடந்தது. வராது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் முதல் கெண்டை எழுந்தது. பிறகு மற்றவை. எல்லாம் கிழக்குச் சுவரோரம்.

ஒவ்வொரு காரணமாக நீக்கிப் பார்த்தேன். மைக்கில் ஒலி எதுவுமில்லை. நிழல் விழவில்லை. தீனியின் வாசம் இல்லை. நீரில் ஆக்சிஜன் குறைவா என்று அளந்தேன்; போதுமான அளவு இருந்தது. நேரப் பழக்கம் என்றால், அவர் ஒரே நேரத்தில் தீனி போட்டவரே அல்ல.

"தெரியல சித்தி" என்றேன். ஆய்வகத்தில் அது சாதாரணச் சொல். சித்தி மகனிடம், "லாரிய வேற எடத்துக்கு அனுப்பு" என்றார். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே லாரிக்காரனுக்குப் போன் போட்டான்.

கிணறு இன்றும் திறந்தே இருக்கிறது. இப்போது தீனி போடுவது சித்தி. மேற்குப் பக்கம்தான் நிற்கிறார். போன முறை ஊருக்குச் சென்றபோது நானும் உடன் நின்றேன். சோறு நீரில் விழுந்தும் கெண்டைகள் எங்களிடம் வரவில்லை. எதிர்ப்பக்கம் பார்த்தபடி அசையாமல் நின்றன.

"இரு, அவர் நவுரட்டும்" என்றார் சித்தி.

சற்று நேரத்தில் மீன்கள் எல்லாம் ஒன்றாக எங்கள் பக்கம் திரும்பின.