பம்பரத்தின் ஒரே வலை

மின்தூக்கி பழுதுபார்க்கும் அவரைக் குடியிருப்பில் எல்லாரும் 'பம்பரம்' என்றே அழைப்பர். நின்ற இடத்தில் நில்லாதவர். ஒரே திருப்புளியை வைத்துக்கொண்டு ஒன்பது மாடி வேலையையும் முடித்துவிடுபவர். இடுப்பெலும்பு முறிந்து இரண்டு மாதமாகப் படுத்திருக்கும் அவருடைய மனைவிக்கோ, கட்டிலுக்கு எதிரே இருந்த மீன்தொட்டிதான் உலகம். அதில் ஆறு மீன்கள். சென்ற ஆண்டு கடையிலிருந்து வந்த புது மீன்களை அவர் பையோடு கவிழ்க்க, அதனால் பரவிய நோய்க்குத் தப்பியவை அந்த ஆறு மட்டுமே.

ஆகவே, இம்முறை நான்கு புது மீன்களோடு அவர் உள்ளே நுழைந்ததுமே அம்மையார் ஆணை பிறப்பித்துவிட்டார்.

"ரெண்டு வாரம் அதுங்க சமையலறைச் சின்னத் தொட்டியில தனியா இருக்கட்டும். அவசரப்பட்டுக் கவுத்தீங்க, என் ஊன்றுகோல் பறந்து வரும்."

"சரிம்மா, சரி."

பையைப் பிரிக்காமல் சின்னத் தொட்டியில் மிதக்கவிட்டார். இருபது நிமிடம். அதற்குள் ஜன்னலுக்கு ஐந்து முறையும் வாசலுக்கு நான்கு முறையும் போய் வந்தார். பிறகு பையைப் பிரித்து, புதுத் தண்ணீர் மீன்களுக்குப் பழகட்டுமென்று தொட்டித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக அதில் சேர்த்தார். முக்கால் மணி கழித்து, மீன்களை மட்டும் வலையில் அள்ளி விட்டுவிட்டு, கடைத் தண்ணீரை வெளியே கொட்டினார்.

"என்னங்க, உசிரோட இருக்கீங்களா?"

"மீனுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் மூச்சு முட்டுது."

ஆறாம் நாள் காலை, புது மீன் ஒன்றின் வாலில் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. அவருக்கு உடனே நினைவு வந்தது. முந்தின நாள், வேலைக்குப் புறப்படும் அவசரத்தில், சின்னத் தொட்டியில் மிஞ்சிய இரையை அள்ளிய அதே ஈர வலையைப் பெரிய தொட்டியிலும் விட்டிருந்தார்.

மறைத்துவிடலாமா என்று கட்டிலுக்கும் சமையலறைக்கும் இடையே நடந்தார். பின்பு சொல்லிவிட்டார்.

அம்மையார் ஊன்றுகோலால் கட்டில் காலைத் தட்டினார்.

"இன்னொரு வலை இருந்தா வீட்டுல இடம் அடைச்சிடுமா?"

"ஒண்ணே போதும்னு நினைச்சுட்டேம்மா."

"லிஃப்டுக்குப் போதும். போய்க் கடைக்காரர்கிட்ட மருந்து கேளுங்க. முதல்ல செருப்பைப் போடுங்க!"

கடைக்காரர் சொன்ன அளவில் இரு தொட்டிகளுக்கும் மருந்திட்டார், வலைகள் இரண்டாயின. பெரிய தொட்டியருகே நாற்காலியைப் போட்டார். உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடியும் உட்கார்ந்தார். மீன் ஒன்று கல்லில் உரசினால்கூட, உறங்கும் மனைவியை எழுப்பிக் காட்டினார்.

புது மீன்களில் ஒன்று இறந்தது. பழைய ஆறு மீன்கள்மீதும் புள்ளி ஏதும் எழவில்லை. இரண்டு வாரம் முடிந்த அன்று அம்மையாரே, "போதுங்க, பாவம், சேர்த்து விட்டுடுங்க" என்றார்.

"கடைசிப் புள்ளி மறைஞ்சு மூணு நாள்தான் ஆகுது. ரெண்டு வாரத்தை அதுலேருந்துதான் எண்ணணும். இன்னும் பதினோரு நாள் இருக்கு" என்றவர், ஜன்னல்வரை போய்த் திரும்பினார்.