உப்பிப்போன பேட்டரி

என் தங்கை திருச்சியில் இருக்கிறாள். அவள் கணவர் பக்கவாதம் வந்து படுத்த பிறகு, தினமும் மாலை ஏழு மணிக்கு எனக்கு வீடியோ கால் செய்வாள். நான் இருப்பது வங்காளத்தில். பாலிகஞ்சில் எங்கள் ஃப்ளாட்டின் சமையலறை சிறியது. அடுப்புக்குப் பக்கத்தில், எண்ணெய் பாட்டிலில் சாய்த்து போனை நிறுத்துவேன். இரண்டு மணி நேரம் ஓட வேண்டுமே என்று சார்ஜரைச் செருகியே வைத்திருப்பேன். பெரிதாக எதுவும் பேச மாட்டோம். அவள் அங்கே துணி மடிப்பாள், நான் இங்கே சப்பாத்தி தேய்ப்பேன்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் போனின் திரை ஓர் ஓரமாக எழும்பி நின்றது. அழுத்திப் பார்த்தேன், படியவில்லை. மறுநாள் அலுவலகம் முடிந்து கரியாஹாட்டில் ஒரு பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் பின்மூடியைக் கழற்றி பேட்டரியை எடுத்துக் காட்டினார். தட்டையாக இருக்க வேண்டியது, பூரி மாதிரி உப்பியிருந்தது. அழுத்தினேன் என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. இப்படி உப்பினதை அழுத்தினால் தீப்பிடிக்கலாம் தீதி, இனிமேல் செய்யாதீர்கள் என்றார்.

எங்கே வைத்து சார்ஜ் செய்கிறீர்கள் என்று வங்காள மொழியில் கேட்டார். சொன்னேன். அடுப்பின் சூடு, சார்ஜ் ஏறும் சூடு, வீடியோ ஓடும் சூடு எல்லாம் சேர்ந்தால் அது என்ன செய்யும் என்றார். நூறு சதவீதம் ஆன பிறகும் செருகியே வைத்திருப்பதும் அதற்கு ஆகாதாம். எண்பது வரை ஏற்றினால் போதும், இருபதுக்குக் கீழே அடிக்கடி இறங்க விடாதீர்கள் என்றார். எப்படிப் பார்த்துக்கொண்டாலும் ஒருநாள் அது தளரத்தான் செய்யும், அந்த நாளைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு, புதிய பேட்டரியைப் பொருத்திக் கொடுத்தார்.

அன்றிலிருந்து நான் சட்டம் பேச ஆரம்பித்தேன். சார்ஜில் இருக்கும்போது பேசுவதில்லை. அலுவலகம் விட்டு வரும்போதே போனில் நாற்பதுதான் இருக்கும். அரைமணி நேரம் வீடியோ ஓடினால் இருபதை நெருங்கிவிடும். “இருபது ஆயிடுச்சு, வெச்சிடறேன்” என்று துண்டித்துவிடுவேன். சில வாரங்களில் தங்கையிடமிருந்து கால் வருவது குறைந்து, பிறகு நின்றேபோனது. முதலில் நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கூப்பிட்டேன். ஏன் பேசுவதே இல்லை என்று கேட்டேன்.

“உனக்கு வேலை இருக்கும். பேட்டரி வேற தீர்ந்துரும்” என்றாள்.

உப்பிய கதையை முழுதாகச் சொன்னேன். அதுவரை அவளிடம் நான் அதைச் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“நீ பேசவே வேணாம்க்கா. இவரு கண்ணசந்துட்டா இந்த வீட்ல ஒரு சத்தமும் கிடையாது. உங்க வீட்டு குக்கர் சத்தம் கேட்டா, பக்கத்துல யாரோ இருக்காங்கன்னு இருக்கும்.”

இத்தனை நாள் நாங்கள் முகம் பார்த்துக்கொள்ளத்தான் கூப்பிடுகிறோம் என்று நினைத்திருந்தேன். அவளுக்கு வேண்டியிருந்தது சத்தம்.

இப்போது அலுவலகத்திலேயே நாலு மணிக்கு சார்ஜ் போட்டு, எண்பதானதும் எடுத்துவிடுகிறேன். மாலையில் வீடியோ இல்லை, வெறும் கால்தான். கவரைக் கழற்றி, அடுப்புக்கு எதிரே ஜன்னல் திட்டில் போனை வைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிடுவேன். திரை அணைந்தே இருக்கும், தொட்டால் சூடு தெரியாது. இரண்டு மணி நேரம் பேசியும் இருபதுக்கு வருவதில்லை.

போன மாதம் அப்படி ஓடிக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கம் தரையில் கட்டை தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நின்றது. திரும்பவும் தட்டியது. கேஸைக் குறைத்துவிட்டு, என்ன சத்தம் என்று கேட்டேன்.

“கைத்தடி. இவரு கட்டில்லேர்ந்து வாசக்கதவு வரைக்கும் வந்துட்டாரு” என்றாள்.