சமையலறைச் சுவரில் ஓர் ஆணி

ஈப்போவில் ஓர் எஞ்சினியர் அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் எண்களைத் தட்டுவது என் வேலை. எண்பதுகளின் நடுப்பகுதி அது. பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளைத் தூர்த்துக் கட்டிய வீடுகளில் தரை உள்வாங்குகிறதா என்று எங்கள் ஆட்கள் மாதாமாதம் அளந்தார்கள். வீட்டுக்கு ஓர் ஆணி அடித்து, அதன் உயரத்தைக் கருவி வைத்துப் பார்ப்பார்கள். புந்தோங்கில் நாங்கள் குடியிருந்த வாடகை வீடும் அதில் ஒன்று. ஆணி எங்கள் சமையலறைச் சுவரில் இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே, உத்தரத்தில், என் மகளின் சேலைத் தொட்டில்.

கணக்கு மென்பொருள் ஒவ்வோர் அளவையும் ஒரு புள்ளியாகப் போடும். புள்ளிக்கு மேலும் கீழும் ஒரு குச்சி நீளும். அளவு அவ்வளவு தூரம் பிசகியிருக்கலாம் என்று பொருள். போன மாதக் குச்சியும் இந்த மாதக் குச்சியும் ஒரே உயரத்தில் எங்காவது சேர்ந்தால், தரை இறங்கியது என்று அடித்துச் சொல்ல முடியாது. மாதம் தவறாமல் சேர்ந்தன. நானும் நிம்மதியாகப் போய் அந்தச் சமையலறையில் சோறாக்கினேன்.

ஒரு நாள் பிரிண்டர் தாளை மிச்சம் பிடிக்க எங்கள் வீட்டு ஆணியின் எல்லா மாதங்களையும் ஒரே தாளில் போட்டேன். புள்ளிகள் படிக்கட்டாக இறங்கின. அடுத்தடுத்த குச்சிகள் சேர்ந்துதான் இருந்தன. ஆனால் முதல் மாதக் குச்சியின் அடிக்கும் கடைசி மாதக் குச்சியின் தலைக்கும் நடுவில் வெறும் வெள்ளைத் தாள். அப்படியென்றால் தரை இறங்கியேவிட்டது. தாளை எஞ்சினியரிடம் கொண்டுபோனேன். அவர் வாங்கிப் பார்த்தார். மறுபடி அளந்துதான் எதையும் சொல்ல முடியும் என்றார். அவருக்கென்ன, அவர் வீடு வேறு பக்கம்.

வீட்டுக்கு வந்ததும் தாளில் கண்டதைச் சொல்லிக்கொண்டே தொட்டிலை அவிழ்க்கப் போனேன். கணவர் சிரித்தார்.

“ரப்பர் தோட்டத்துல இருந்தப்ப மரம் விழும்னு பயந்த. இங்க தரை விழும்னு பயப்படுறியா?”

“பிள்ளைய முன்னறைக்குக் கொண்டு போலாங்க.”

“இன்னிக்கே ஒண்ணும் விழுந்துடாதுலா.”

“தெரியாது. அதான் பயமா இருக்கு.”

என் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு அடங்கியது. முன்னறை உத்தரத்தில் அவரே தொட்டிலைக் கட்டினார். மகள் தூங்கினாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவர் நாலு சுவரையும் சுற்றிப் பார்த்தார்.

“இங்க ஆணி எங்க அடிச்சிருக்காங்க?”

அடிக்கவில்லை. அந்த அறையை யாருமே அளந்ததில்லை. தூங்கிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன்.