என்னை அளவு வைத்துப் போட்ட ஊசி

முகக் கோட்டை நிரப்பும் ஃபில்லர் ஊசி எவ்வளவு போட்டால் இயற்கையாகத் தெரியும் என்று இன்று காலை ஒரு கிளினிக் விளம்பரம் என் ஃபோனில் வந்து கேட்டது.

யாரிடம் வந்து கேட்கிறாய்!

தொண்ணூறுகளிலேயே அதற்குப் பதில் கண்டுபிடித்தவள் நான். (சரி, நானும் என் தங்கையும்.)

கீழே இருக்கும் படத்தைப் பாருங்கள். அதில் நிற்பது நானும் விமலாவும். இரட்டைப் பிள்ளைகள். நான் சில நிமிடம் மூத்தவள். ஆனாலும் அவள் ஒரு நாள்கூட என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை. கமலா என்று பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் எங்களைச் சரியாக அடையாளம் கண்டவர்கள் குறைவு. அவள் மறந்துவிட்டு வந்த குடையை மளிகைக்கடைக்காரர் என்னிடம் கொடுப்பார். அவள் வாங்க வேண்டிய திட்டைக் கோயிலில் நான் வாங்கியிருக்கிறேன்.

நாற்பதைத் தாண்டியதும் விமலாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தது. உடம்பு பாதியாகிவிட்டது. மூக்கோரத்திலிருந்து வாய்வரை இரண்டு பக்கமும் ஆழமாகக் கோடு விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு யாரும் எங்களை மாற்றிக் கூப்பிடவில்லை.

அவள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, தன் மகளின் நிச்சயதார்த்தம் வரைக்கும்.

அன்று செபராங் ஜெயாவிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, விமலாவின் காதுபடவே கேட்டார். "சம்பந்தியம்மா உங்களுக்கு எத்தன வயசு மூத்தவங்க?"

விமலா அன்று சாப்பிடவே இல்லை.

மறுநாள் கெலுகோரில் என் வீட்டுக்கு வந்தாள். "கல்யாணத்துக்குள்ள என் மூஞ்சி எனக்கு வேணும், கமலா. அழகா இருக்கணும்னு இல்ல. உன்ன மாதிரி இருந்தா போதும் லா."

(ரொம்ப நன்றி!)

பர்மா ரோட்டில் ஒரு தோல் டாக்டரிடம் போனோம். சீனப் பெண்மணி, பொறுமைசாலி. அப்போது ஃபில்லர் என்ற பேச்செல்லாம் எங்களுக்குத் தெரியாது, கொலாஜன் ஊசி என்றார். மாட்டுத் தோலிலிருந்து எடுப்பது என்றதும் விமலா எழுந்துவிட்டாள். உன் கைப்பை என்ன தோல் என்று மட்டும் கேட்டேன். உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் கையில் கொஞ்சம் போட்டு, ஒத்துக்கொள்கிறதா என்று ஒரு மாதம் பார்க்கச் சொன்னார். அந்த மாதம் முழுக்க, சிவந்திருக்கிறதா பார் என்று அவள் கையை நீட்டாத நாளில்லை.

சிவக்கவில்லை. முகத்தில் போடும் நாள் வந்தது.

பழைய படம் ஏதாவது கொண்டுவந்தீர்களா என்று டாக்டர் கேட்டார். விமலா என்னைக் காட்டினாள்.

இரண்டு ஊசி போட்டால் கோடு மொத்தமாகப் போய்விடும், ஒன்று போட்டால் லேசாகத் தெரியும், யோசித்துச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். இரண்டு என்றதுமே விமலாவின் கண் விரிந்ததை நான் பார்த்தேன்.

இவள் வழுவழுவென்று கல்யாணத்தில் நின்றால், அந்த மாப்பிள்ளையின் அம்மா அடுத்து யாரைப் பார்த்து வயது கேட்பார்?

"ஒன்னு போதும் விமலா. ரெண்டு போட்டா பொம்ம மாதிரி இருக்கும்."

"நீ எனக்காகச் சொல்றியா, உனக்காகச் சொல்றியா?"

"ரெண்டு பேருக்காகவும்தான்."

டாக்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது. என்னை அவள் பக்கத்திலேயே உட்காரவைத்துச் சிரிக்கச் சொன்னார். சிரிக்கும்போது எனக்கு விழுகிற கோடு அவளுக்கும் விழ வேண்டும், அதுதான் அளவு என்றார்.

பக்கத்தில் ஊசியை வைத்துக்கொண்டு சிரி என்றால் யாருக்குச் சிரிப்பு வரும்? பல்லை மட்டும் காட்டினேன். டாக்டர் தலையை ஆட்டினார்.

நாற்காலியில் சாய்ந்திருந்த விமலா, கூரையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள். "உன்னப் பொண்ணு பாக்க வந்தப்ப, அத்தான் மொதல்ல என்னப் பாத்துத்தானே சிரிச்சாரு."

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அப்படியே இருங்கள் என்று டாக்டர் ஆரம்பித்தார். என்னைப் பார்ப்பார், கொஞ்சம் போடுவார். மறுபடி பார்ப்பார், கொஞ்சம் போடுவார். முதல் ஊசியே முழுதாகத் தீரவில்லை. மிச்சத்தையும் போட்டுவிடச் சொல்லி விமலா கெஞ்சினாள். டாக்டர் என் முகத்தைக் காட்டி, "சுக்கோப் லா," என்று வைத்துவிட்டார். போதுமாம்.

அடுத்த நாள் ஃபோனில் அழுதாள், அளவு மீறிப் போட்டுவிட்டார்களாம். போய்ப் பார்த்தால், பினாங்குக் கொசு எல்லாம் சேர்ந்து கடித்தது போல வீங்கியிருந்தாள். சில நாளில் வடியும் என்று டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னேன். எனக்கே உள்ளுக்குள் பயம்தான். நல்லவேளை, வடிந்தது.

கல்யாண மண்டபத்தில் விமலா ஓடியாடிக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் அவள் பக்கத்தில் போய்க் குனிந்து, ரொம்பக் கனிவாகச் சொன்னார். "கால் வலிக்கலையா? வா, உக்காரு. காப்பி எடுத்தாறேன்."

தூணுக்கு இந்தப் பக்கம் நான் நின்றுகொண்டிருந்தேன். (எனக்கும் கால் வலித்தது!)

விமலா உட்கார்ந்தாள். அவர் கொண்டுவந்த காப்பியை முழுக்கக் குடித்தாள். பிறகு என்னைத் தேடி வந்தாள், கண் இரண்டும் கலங்கியிருந்தது.

"கமலா, அத்தானுக்கு அடையாளம் தெரியல."

கோபம் வந்திருக்க வேண்டும். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. (அப்போதும் அக்கா என்று கூப்பிடவில்லை.)

சில மாதத்தில் கொலாஜன் கரைந்து, கோடு திரும்ப வந்தது. அவள் மறுபடி போகவில்லை. அதற்குள் எனக்கும் அதே ஆழத்துக்குக் கோடு விழுந்திருந்தது.

படம் கல்யாணத்தன்று எடுத்தது. சொல்லுங்கள், அதில் நான் இடதா, வலதா?

பிறகு சேர்த்தது: என் வீட்டுக்காரர் முதல் ஆளாக வந்து 'வலது' என்று கமெண்ட் போட்டிருக்கிறார்.

அதைப் பார்த்துக் காப்பியடிக்காதீர்கள்.